திரும்பி வந்த உயிர்கள்: சிங்கப்பூர் பறவைக் குறிப்புகள்

சனிக்கிழமை, அங் மோ கியோ

அக்கா வீடு வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாம் தளத்தில். விடிவதற்கு முன்பே குயில் கூவத் தொடங்கிவிட்டது. எங்கள் வேதாரண்யத்தில் குயில் என்றால் மாந்தோப்புக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் குரல். இங்கே கார் நிறுத்துமிடத்தின் ஓரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் உச்சி சன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது. கறுத்து மின்னும் ஆண் குயிலை மேலிருந்து பார்க்கக் கிடைத்தது. சிவந்த கண், கூவும்போது பொங்கும் தொண்டை எல்லாம் தெரிந்தன.

"தெனமும் இதே கூத்துதான் மாப்ளே, அலாரமே வேண்டாம்" என்றார் அத்தான்.

இந்தக் குயிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. காகம் இந்த மண்ணின் பறவையல்ல. 1890களில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழு விழுந்தபோது, அதைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகித் தெற்கே பரவி சிங்கப்பூருக்கும் வந்தன. அதுவரை குளிர்காலத்தில் மட்டும் வந்துபோன குயில், முட்டையிடக் காக்கைக் கூடு கிடைத்ததும் இங்கேயே தங்கிவிட்டது. நம் ஆட்கள் கப்பலேறி வேலைக்கு வந்ததும் அதே காலத்துத் தோட்டங்களுக்குத்தான். இந்த மரத்தடியில் நின்று கா கா என்று கேட்கும்போது எனக்கு அந்நிய நாட்டில் இருக்கும் எண்ணமே வரவில்லை.

கீழ்த்தளத்தில் கோப்பிக் கடை மேசைகளுக்கு இடையே மைனாக்கள் நடந்து திரிகின்றன. நம் ஊர் மைனா இல்லை. உடல் கறுப்பு, அலகு மஞ்சள், நெற்றியில் சிறு கொண்டை. ஜாவா மைனா. கூண்டுப் பறவையாக 1920களில் வந்து தப்பியவற்றின் வழித்தோன்றல்கள். இன்று சிங்கப்பூரில் எங்கு திரும்பினாலும் இவைதான். ஆனால் சொந்த ஊரான ஜாவாவில், பிடித்து விற்றே அருகிப்போய்விட்டன. தட்டில் மிஞ்சிய பரோட்டாத் துண்டைக் கொத்திக்கொண்டிருந்த ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் எடுக்க வருபவர்களுக்கு ஒரு சேதி. இரவில் கேமராப் பையை ஏசி அறையில் வைக்காதீர்கள். காலையில் வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். அது தெளியக் கால் மணி நேரம் போனால், நல்ல வெளிச்சமும் அதோடு போய்விடும். என் பை அக்காவின் சமையலறையில், அரிசிவாளிக்குப் பக்கத்தில் தூங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை, பீஷான்

பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்கு வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அக்கா மகள் பாப்பாவும் வந்தாள். தொடக்கநிலை ஐந்து, பள்ளி விடுமுறை. "மாமா, ஆட்டர் வருமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஆட்டர் என்றால் நீர்நாய். எனக்கும் அதே கேள்விதான்.

ஆற்றங்கரையில் ஏற்கெனவே கேமராக்களோடு சிலர் நின்றார்கள். நீர்நாய்க் குடும்பம் எந்தப் பாலத்துக்குக் கீழே போகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கைப்பேசிக் குழுக்களில் உடனுக்குடன் சேதி ஓடுகிறது. முன்பின் தெரியாத ஒரு சீனப் பெரியவர் என் கையைத் தொட்டு மேல்நீர்ப் பக்கம் காட்டினார். நீரில் வரிசையாகத் தலைகள். கரையோரமாக ஒரே கோட்டில் நீந்தி, மீனை ஒதுக்கிக்கொண்டே வந்தன. ஒன்று முழுகியது. திலாப்பியா மீனோடு எழுந்து, தலைப்பக்கத்திலிருந்து கடிக்க ஆரம்பித்தது. முள் நொறுங்கும் சத்தம் நாங்கள் நின்ற இடத்துக்குக் கேட்டது.

பிறகு குடும்பமே கரையேறியது. புல்லில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொண்டன. குட்டிகள் தாயின் வாலைப் பிடித்து இழுத்தன. பக்கத்து நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள், சைக்கிளில் வந்தவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார், நாயோடு வந்த பெண் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு வேறு பாதைக்குத் திரும்பினார். அவர்களுக்கு அப்படிச் செய்யச் சொல்லி யாரும் குரல் கொடுக்கவில்லை. நான் தரையில் படுத்து, லென்ஸை நீர்நாயின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். மேலிருந்து எடுத்தால் அது ஒரு பழுப்பு மூட்டை. கண் மட்டத்தில் எடுத்தால்தான் மீசையும் ஈரமும் முகபாவமும் வரும். ஷட்டர் வேகம் நொடியில் 2000இல் ஒரு பங்கு வைத்தேன். உடம்பை உதறும்போது தெறிக்கும் துளிகள் அப்படி நின்றன.

இந்த நீர்நாய் நம் காவிரியிலும் இருக்கிறது. அதே இனம்தான். சிங்கப்பூரில் இது ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. ஆறுகள் சாக்கடையாக ஓடிய காலம் அது. 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் சுத்தம் செய்தார்கள். 1998இல் ஒரு சோடி நீர்நாய் வடக்குக் கரையில் சுங்கை பூலோவில் தென்பட்டது. அங்கிருந்து மெல்ல ஊருக்குள் வந்தன. பீஷானில் காலாங் ஆறு அப்போது நேராக வெட்டிய சிமெண்ட் கால்வாய். அந்தச் சிமெண்டை உடைத்து எடுத்துவிட்டு, வளைந்து ஓடும்படி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆற்றை மறுபடி மண்ணும் கல்லும் செடியுமாக ஆக்கி 2012இல் திறந்தார்கள். கரை சரிவானது, மீன் வந்தது, நீர்நாய் வந்தது.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விலங்குகள் ஊருக்குள் வந்துவிட்டன என்று செய்தியில் படிக்கும்போது ஏதோ தற்செயல் போலத் தோன்றும். இங்கே நடந்தது தற்செயல் இல்லை. சிமெண்டை உடைப்பது என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் இதில் மகிழ்ச்சி என்றும் சொல்ல முடியாது. வீட்டுத் தொட்டியில் ஆசையாக வளர்த்த கோய் மீன்களை ஒரே இரவில் இழந்தவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேலி போட்டுக்கொண்டு ஆற்றைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

திரும்பும்போது கெபுன் பாரு பக்கம் போனோம். உயரமான கம்பங்களில் கூண்டுகளை ஏற்றி, மெர்போக் புறாக்களையும் செம்மீசைச் சின்னான்களையும் பாட வைத்துக் கேட்கும் இடம். ஞாயிறு காலையில் பெரியவர்கள் கூடி, காது கொடுத்து, ரசித்துக்கொண்டிருந்தார்கள். பறவை மேல் அவர்களுக்கு இருக்கும் அன்பைச் சந்தேகிக்க முடியாது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. படம் எடுக்காமல் வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, சுங்கை பூலோ

நான் சிங்கப்பூர் வந்ததே இதற்காகத்தான்.

கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கி 925ஆம் எண் பேருந்து. வடமேற்கு மூலை, எதிரே நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாருவின் கட்டடங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள்.

கரைப் பறவை பார்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை. நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் வெளியே சேற்றுத் திட்டுகளில் தொலைவாகச் சிதறி மேய்ந்துகொண்டிருக்கும். நீர் ஏற ஏறத் திட்டுகள் மூழ்கும், அவை ஒதுங்க இடம் தேடி உள்ளே வரும். அந்த ஒதுங்குமிடம்தான் சுங்கை பூலோ. முன்பு இவை இறால் பண்ணைக் குளங்கள். மதகுகளைக் கொண்டு நீர் மட்டத்தை இறக்கி வைக்கிறார்கள், வெளியே கடல் ஏறியிருந்தாலும் உள்ளே கால் ஊன்றச் சேறு இருக்கிறது. மதகைத் திறந்து மூடும் இந்த வேலை எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர் உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் விடுவதும் இதே கணக்குதான்.

1986இல் பறவை பார்க்கும் அன்பர்கள் சிலர் இந்த இடத்தைக் கவனித்தார்கள். இங்கே வலசைப் பறவைகள் குவிகின்றன, இதைக் காப்பாற்ற வேண்டும் என்று இயற்கைச் சங்கத்தின் வழியாக அரசுக்கு எழுதினார்கள். 1989இல் அரசு ஏற்றுக்கொண்டது. 1993 டிசம்பரில் அப்போதைய பிரதமர் கோ சொக் தோங் பூங்காவைத் திறந்துவைத்தார். 2002இல் இது இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்டது. நம் கோடியக்கரை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் அதே 2002இல்.

நீர் ஏற்றம் இன்று காலை பத்தரை வாக்கில். எட்டரைக்கே குடிலில் உட்கார்ந்துவிட்டோம். பலகைச் சுவரில் கண் அளவுக்குத் திறப்புகள் விட்ட மறைவுக் குடில். முதலில் பெரிய கொக்கு ஒன்று, சாம்பல் நாரைகள் சில, அவ்வளவுதான். பாப்பா தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதரைக்கு மேல் வரத் தொடங்கின. முதலில் கேட்டது சீழ்க்கை. ஒரே சுருதியில் ஏழெட்டு முறை வேகமாக அடிக்கும் விம்பிரலின் குரல். பார்க்கக் கோழி அளவு, பழுப்பு உடம்பு, கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு. பின்னாலேயே பவளக்கால் உள்ளான்கள், பச்சைக்கால் உள்ளான்கள், உப்புக்கொத்திகள். ஒரு கூட்டம் வட்டமடிக்கும், இறங்காமல் போகும், மறுபடி வரும், திடீரென எல்லாம் சேர்ந்து இறங்கும். இறங்கியதும் ஒரே திசையில், காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். சற்று நேரத்தில் குடிலுக்கு எதிரே சேறு தெரியவில்லை.

பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தி ஒன்று எங்களுக்கு மிக அருகே நின்றது. குளிர்காலச் சிறகு, முதுகில் பொன் துகள் தூவியது போன்ற புள்ளிகள். இது முட்டையிடுவது சைபீரியாவிலும் அலாஸ்காவின் மேற்கிலும் உள்ள தூந்திரம் என்னும் மரமில்லாத குளிர்நிலத்தில். எடை நூற்றைம்பது கிராம்கூட வராது. பாப்பாவின் கையில் பைனாக்குலரைக் கொடுத்து, அது எங்கிருந்து வருகிறது என்று கைப்பேசியில் உலகப் படத்தைக் காட்டினேன். "தனியாவா மாமா வரும்? வழி யாரு சொல்றா?" என்றாள். சில உப்புக்கொத்தி இனங்களில் பெரியவை முதலில் கிளம்பிவிடும், அந்த ஆண்டுதான் பிறந்த குஞ்சுகள் பின்னால் தாமாகவே வழி கண்டு வரும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு போத்தலைத் தொடவில்லை.

இந்தப் பறவைகள் கிழக்கு ஆசிய ஆஸ்திரலேசிய வலசைப் பாதையைச் சேர்ந்தவை என்றுதான் நானும் படித்திருந்தேன். நம் பக்கத்துப் பறவைகள் மத்திய ஆசியப் பாதை. இரண்டும் வேறு வேறு என்பது என் எண்ணம். ஆனால் இங்கே சில பறவைகளுக்குச் சிறு கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்தபோது, பவளக்கால் உள்ளான்களும் விம்பிரல்களும் சில இமயமலையையே தாண்டிப் பறப்பது தெரியவந்தது. அந்த ஆய்வு 2020இல் வெளியானது. அப்படியானால் சிங்கப்பூரின் இந்தச் சேறும் கோடியக்கரையின் சேறும் ஒரே வலையில் உள்ள இரண்டு முடிச்சுகள். இங்கே ஒரு மதகைச் சரியாகத் திறப்பதும் அங்கே ஒரு சதுப்பை மூடாமல் விடுவதும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ள காரியங்கள். எங்கள் ஊரில் என் தாத்தா காலத்தில் உள்ளான் கூட்டம் எழும்பினால் வெயில் மறையும் என்பார்கள். நான் அப்படிப் பார்த்ததில்லை. இன்று குடிலில் அந்தப் பேச்சு என்னவாக இருந்திருக்கும் என்று கொஞ்சம் புரிந்தது.

விம்பிரல் ஒன்று நண்டைப் பிடித்ததைத் தொடர்ச்சியாக எடுக்க முடிந்தது. நண்டை அலகு நுனியில் பிடித்து உதறி உதறிக் கால்களைக் கழற்றுகிறது. பிறகு ஓட்டோடு விழுங்குகிறது. வெளிர் சேற்றைப் பின்னணியாக வைத்து எடுக்கும்போது கேமரா தன் கணக்கில் படத்தை இருட்டாக்கும். ஒளியளவைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன். இறகுக் கோடுகள் தெளிவாக வந்திருக்கின்றன.

திரும்பும் வழியில் பெரிய பாலத்தின் மேல் எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே உவர்நீர் முதலை. மரக்கட்டையாக மிதந்து, பிறகு மெல்ல வாலை அசைத்துக் கடலை நோக்கிப் போனது. பாதையோரம் ஆள் நீளத்துக்கு நீர் உடும்பு ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு குறுக்கே நடந்தது. அது கடக்கும்வரை இரு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். அலையாத்தி வேர்களுக்கிடையே சேற்றில் தாவும் மீன்கள் துடுப்பால் நடந்துகொண்டிருந்தன. இவற்றைப் பற்றியெல்லாம் தனியாக எழுத வேண்டும். இன்று மனம் முழுக்க உள்ளான்கள்தான்.

புதன்கிழமை

மதியத்திலிருந்து இடியும் மழையும். நவம்பரில் இப்படித்தான் என்றார் அக்கா. காலையில் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் போனபோது, சாலைக்கு மேலே காடு ஒன்று பாலமாகக் கிடப்பதைக் கீழிருந்து பார்த்தேன். 62 மீட்டர் நீளம். மேலே முழுக்க மரம். 1980களில் விரைவுச்சாலை போட்டபோது இரண்டாகப் பிளந்த காட்டை 2013இல் இப்படித் தைத்திருக்கிறார்கள். எறும்புண்ணிகள் அதன் மேல் கடக்கின்றன. மனிதர்களுக்கு அனுமதி இல்லை, அதுதான் சரி.

மாலை முழுக்கப் படங்களைப் பிரித்தேன்.

வியாழக்கிழமை, உபின் தீவு

சாங்கி கிராமத்துப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பத்து நிமிடம்.

படகில் எனக்கு எதிரே தமிழர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், கழுத்தில் பழைய பைனாக்குலர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம். செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் பட்டுக்கோட்டைப் பக்கம். "எங்கேருந்து தம்பி?" என்று ஆரம்பித்தவர், வேதாரண்யம் என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். தீவு முழுக்க என்னோடு நடந்தார்.

தீவில் இறங்கிச் சற்று தூரம் போனதும் அவர் கையை உயர்த்தினார். மேலே சிறகடிக்கும் சத்தம், துணியை உதறுவது போல. அத்திமரத்தில் இருவாச்சி ஒன்று வந்து அமர்ந்தது. கறுப்பு வெள்ளை உடம்பு, தந்த நிறத்தில் பெரிய அலகு, அதன்மேல் தலைக்கவசம். பின்னாலேயே பெண். ஆண் அத்திப்பழத்தைப் பறித்து, அலகு நுனியில் வைத்து, பெண்ணுக்கு நீட்டியது. அது வாங்கிக்கொண்டது.

"நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப இதை சிங்கப்பூர்ல ஒருத்தரும் பாத்தது கிடையாது தம்பி" என்றார். உண்மைதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கே இது அற்றுப்போனது. 1994இல் ஒரு சோடி உபினில் தென்பட்டது. 1997இல் கூடு கட்டியது. பறவை வந்துவிட்டது, ஆனால் கூட்டுக்கு இடமில்லை. இருவாச்சிக்குப் பெரிய பழைய மரத்தில் பெரிய பொந்து வேண்டும். பெண் உள்ளே போய், வாசலை மண்ணாலும் பழச்சக்கையாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு கீறல் மட்டும் விடும். அதன் வழியாகத்தான் ஆண் வாரக்கணக்கில் தாய்க்கும் குஞ்சுக்கும் ஊட்ட வேண்டும். ஆண் இறந்துபோனால் உள்ளே உள்ளவை பட்டினி கிடக்க நேரலாம். பழைய காட்டில் மிகப் பெரும்பகுதியை இழந்துவிட்ட நாட்டில் அப்படிப்பட்ட மரத்துக்கு எங்கே போவது? ஆய்வாளர்களும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து பெட்டிகள் செய்து மரத்தில் ஏற்றினார்கள். உள்ளே கேமரா வைத்து, என்ன ஊட்டுகிறது, எப்போது அடைக்கிறது என்றெல்லாம் குறித்தார்கள். பறவைகள் பெட்டிகளை ஏற்றுக்கொண்டன. இப்போது இருவாச்சி கடலைத் தாண்டி சாங்கியிலும், ஊருக்குள் வீவக மாடிச் சுவர்களிலும்கூட வந்து உட்காருகிறது.

பெரியவர் பேசப் பேச நான் படம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். பழத்தை நீட்டிய அந்த ஒரு கணம் கிடைத்திருந்தது. போதும்.

மரங்களுக்குள் ஒரு பாட்டு. நிறைந்து வழியும் குரல், ஒன்று பாட இன்னொன்று இடையில் புகுந்து தொடுக்கிறது. வைக்கோல் நிறத் தலை கொண்ட சின்னான். இந்தப் பாட்டுதான் அதற்குச் சாபம். இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து எங்கும் கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்து, தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் இல்லாமலே ஆகிவிட்டது. 2018இல் மிக அருகிய, அழியும் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். உலகத்தில் அது பத்திரமாகப் பாடிக்கொண்டிருக்கும் மிகச் சில இடங்களில் இந்தத் தீவும் ஒன்று. சில பேர் பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அருகே வரவழைப்பார்கள். போட்டிப் பறவை வந்துவிட்டதென்று நினைத்து அது தீனியையும் கூட்டையும் விட்டுவிட்டு அலையும். இந்தச் சின்னானிடம் அதைச் செய்வது எனக்குப் பாவமாகத் தோன்றுகிறது. இலைமறைவில் பாதி முகம் மட்டும் தெரியும் படம்தான் கிடைத்தது. ஒலியை மட்டும் பதிவு செய்துகொண்டேன்.

செக் ஜாவா தீவின் கிழக்கு முனை. மணல், கடற்புல், சேறு, அலையாத்தி எல்லாம் ஓரிடத்தில் சந்திக்கும் கரை. 2001இல் இதை மண் கொட்டித் தூர்த்து நிலமாக்கத் திட்டமிட்டிருந்தார்கள். சேதி தெரிந்து மக்கள் படகு படகாகப் பார்க்க வந்தார்கள். தொண்டர்கள் அங்கே உள்ள உயிர்களைக் கணக்கெடுத்தார்கள். அந்த டிசம்பரில் அரசு திட்டத்தை ஒத்திவைத்தது. பெரியவரும் அந்த ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர். "கடைசியா ஒருதரம் பாத்துடலாம்னுதான் வந்தேன் தம்பி. பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்தேன். அப்புறம் பாத்தா, வருசா வருசம் வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார்.

இப்போது கடல்மேல் பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலடியில் சேறு நசுங்குவதில்லை. ஆண் பிடில் நண்டுகள் ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. 20 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறினால் காட்டின் கூரை கண் மட்டத்துக்கு வருகிறது. நீலவால் பஞ்சுருட்டான்கள் தட்டானைப் பிடித்து வந்து கிளையில் அடித்தன. செம்பருந்து ஒன்று எங்களுக்குக் கீழே வட்டமிட்டது. கருடனை எப்போதும் அண்ணாந்தே பார்த்துப் பழகியவன், இன்றுதான் அதன் செம்முதுகை மேலிருந்து பார்த்தேன். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கரைக்குத் திரும்பியதும் சாங்கி கிராமத்து ராமர் கோயிலுக்குப் போய்விட்டு, உணவங்காடியில் நாசி லெமாக் சாப்பிட்டோம். காசு கொடுக்க விடவில்லை.

சனிக்கிழமை, தாம்சன் இயற்கைப் பூங்கா

முந்தைய நாள் உறவினர் வீடுகளுக்கே சரியாகிவிட்டது. இன்று அத்தானும் வந்தார். சிங்கப்பூருக்கு வந்த நாளாக இந்தப் பக்கம் வந்ததில்லை என்றார்.

ஒரு காலத்தில் ஹைனான் சீனர்களின் கிராமம். படிக்கட்டு, சுவர், கிணறு எல்லாம் வேர்களுக்குள் கிடக்கின்றன. 2019இல் பூங்காவாக்கினார்கள். வந்த காரணம் ஒரே ஒரு குரங்கு. ராஃபிள்ஸ் பட்டை இலைக்குரங்கு, கறுப்பு உடம்பு, தொடையில் வெள்ளைப் பட்டை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். சிங்கப்பூரிலும் தெற்கு மலேசியாவிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. சிங்கப்பூரில் இருப்பவை நூற்றுக்கும் குறைவு.

பூங்காவை ஒட்டிய பழைய மேல் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்தது. அதே சாலைக்கு மேலே இப்போது மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், இந்தக் குரங்குகள் தரையிறங்காமல் கடப்பதற்காக. அத்தான் அதன் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "இதுக்காகவா கட்டுனாங்க!" என்றார்.

ஒன்பது மணி வாக்கில் இலைகள் அசைந்தன. காற்று இல்லை. முதலில் ஒரு நீண்ட வால் தொங்குவது தெரிந்தது. பிறகு முகம். நாலைந்து குரங்குகள், இளந்தளிரை இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. ஒன்றின் வயிற்றோடு ஒட்டிய வெளிர்க் குட்டி. அடர்ந்த நிழலும் பின்னால் வெள்ளை வானமும் படத்துக்கு மிகக் கடினம். ஒளியுணர்வை (ISO) 3200க்கு ஏற்றி, வானம் வெளுத்துப் போனாலும் போகட்டும் என்று முகத்துக்கு அளந்து எடுத்தேன். கூட்டம் ஒவ்வொன்றாகக் கிளைவிட்டுக் கிளை தாவி வடக்கே போனது. ஒவ்வொரு தாவலுக்கும் பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இருவாச்சியும் நீர்நாயும் வேறிடத்தில் பிழைத்திருந்து நீந்தியும் பறந்தும் திரும்பி வந்தவை. இந்தக் குரங்குக்கு அப்படி ஒரு வாய்ப்பில்லை. நீரிணையைத் தாண்டிப் புதிதாக ஒன்று வரப்போவதில்லை. இருப்பதில் ஒரு குட்டி பிழைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தக் கயிற்றைக் கட்டியவர்கள் அறிந்திருக்கிறார்கள். அதற்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

நாளை மதியம் விமானம். போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காலை ஏழரைக்குள் பூங்காவுக்குள் இருங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். குரங்கைத் தேடி நடப்பதைவிட ஓரிடத்தில் நின்று உச்சிக்கிளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது பலன் தரும். காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது இங்கே குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பையின் அடியில் வைத்து மூடிவிடுங்கள், நீண்டவால் குரங்குகள் அந்தப் பக்கம் நிறைய.